தேற்றாங்கொட்டை நாலைந்து அனுப்பு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள அக்கா,

நலம். வேலை பரவாயில்லை, மழைதான் ஓயவில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடாதே.

என் அறைத்தோழன் ஈப்போக்காரன். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். (நான் குடிப்பது ஒரு டம்ளர்தான், நம்பு.) போன மாதம் 19 லிட்டர் வாளி முழுக்க நீராகாரம் போலக் கலங்கி நின்றது. தெளிய வைக்கிறேன் என்று ஜெலட்டினை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசைப் பொடி) கொதிக்க வைத்து ஊற்றினான். தெளிந்த மாதிரிதான் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மறுநாள் பழையபடி மூட்டம்.

கொதித்தால் ஜெலட்டினின் பிடிப்பு போய்விடுமாம். 65 முதல் 70 டிகிரிச் சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி கரைத்தால் போதும். அதைவிடப் பெரிய பிசகு, பியரைக் குளிர வைக்காமல் ஊற்றியது. தானியத்தின் புரதமும் துவர்ப்பும் கைகோத்துக் கலங்கலாவதே குளிரில்தான். அது வெளியே வரும் முன் ஊற்றினால் எதைப் பிடித்து இழுக்கும்? இந்த முறை 2 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றினோம். பியரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு எதிர்மின்னூட்டம், ஜெலட்டினுக்கு நேர்மின்னூட்டம். ஒட்டிக் கனத்து இரண்டே நாளில் அடியில் மண்டியாக உட்கார்ந்துவிட்டது. டம்ளருக்குப் பின்னால் காலண்டர் தேதி தெரிந்தது, அக்கா!

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு மீனின் காற்றுப்பையைப் பயன்படுத்தி வந்தார்களாம். நாகப்பட்டினத்தில் கூறல் மீன் நெட்டி என்று விலை பேசுவார்களே, அதே உறுப்பு. ஜார்ஜ் டவுனில் சீனர் கடைகளில் சூப்புக்காக விற்கிறார்கள். அந்த வாடை வந்ததும் கொஞ்ச நேரம் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பக்கத்து அறை அண்ணன் சுத்த சைவம். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று கேட்டவர், டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டார். அவருக்காக ஒன்றும் சேர்க்காமல் இரண்டு போத்தல்களை மூன்று வாரம் குளிரில் விட்டோம். அதுவும் ஏறக்குறையத் தெளிந்தது, சுவையிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவசரக்காரர்களுக்குத்தான் இந்த வித்தையெல்லாம் என்று சொன்னால் ஈப்போக்காரனுக்குக் கோபம் வருகிறது.

அப்பாயி குடத்தின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரசிக் குளத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பதை அவனிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து விடமாட்டேன் என்கிறான். பியரில் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த பார்சலில் நாலைந்து போட்டு அனுப்பு. அப்பாயி கேட்டால், பினாங்கில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று சொல்லிவிடு.

அன்புத் தம்பி