பால் மறந்த செல்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே சினைமாட்டைக் கறப்பதை நிறுத்தி மடியை வற்ற விட்டிருக்கிறோம். சொசைட்டிக்குக் கிழட்டு மாட்டின் பால் மட்டும்தான் போகிறது. பாலக்காட்டில் கொட்டிய மழை, வழக்கம்போல நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அக்காவுக்கு மார்பில் கட்டி எடுத்ததிலிருந்து, “ஜீன் கெட்டுப்போனால் அந்தச் செல் அவ்வளவுதானா?” என்றே கேட்கிறாய். நாம் பி.எஸ்சி. படித்தபோது, செல்லுக்கு வெளியே இருக்கும் புரத வலையான மேட்ரிக்ஸை “ஒட்டவைக்கும் பசை” என்று ஒரே வரியில் எழுதி மார்க் வாங்கினோமே, அந்தப் பசையில்தான் விஷயம் இருக்கிறது. மேட்ரிக்ஸும் செல்லும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்று 1982இலேயே எழுதினார் மினா பிசெல். ஈரானில் பிறந்து, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்.

எலியின் பால்சுரப்பிச் செல்லை வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் தோசை மாதிரி பரந்து படுத்துக்கொள்கிறது. பால் சுரப்பதையே மறந்துவிடுகிறது. ஜீன் ஒன்றும் தொலையவில்லை. அதே செல்களை லாமினின் என்ற மேட்ரிக்ஸ் புரதம் நிறைந்த மெத்தென்ற ஜெல்லில் வைத்து, பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் போன்ற ஹார்மோன்களையும் கொடுத்தால், கூடி உருண்டு, நடுவே குழிவிட்டு, அதற்குள் கேசீன் என்ற பால் புரதத்தைச் சுரக்கின்றன. செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம் மேட்ரிக்ஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே சேதி சொல்கிறது. அந்தப் பிடி இல்லாமல் ஹார்மோன் மட்டும் வந்து என்ன பயன்?

என் தூக்கத்தைக் கெடுத்தது 1997இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு. மனித மார்பகப் புற்றுச் செல்கள் ஜெல்லுக்குள் கண்டபடி குவிந்து வளர்ந்தன. அவற்றின் பீட்டா-1 என்ற வகை இன்டெக்ரினை, அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஆன்டிபாடியால் தடுத்தார்கள். செல்கள் ஒழுங்காக உருண்டு, பெருகுவதை நிறுத்திக்கொண்டன. கெட்ட ஜீன்கள் உள்ளே அப்படியேதான் இருந்தன, சரசு! இதைச் சொல்லி அக்காவின் மருந்தை நிறுத்திவிடாதே தாயே. அது தட்டுக்குள் நடந்தது.

கட்டி கைக்குக் கல் மாதிரி தட்டுப்பட்டது என்றாயே, அதற்குப் பெரிய காரணம் சுற்றியுள்ள மேட்ரிக்ஸில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இறுகுவதுதான். அந்த இறுக்கமே செல்களைப் பெருகத் தூண்டும் என்றும் பிறகு கண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. குட்டிகள் பால் மறந்ததும் எலியின் மடியில் நொதிகள் மேட்ரிக்ஸை அரித்துவிடுகின்றன. பற்றிக்கொள்ள ஏதுமில்லாமல் பால் செல்கள் கூட்டமாகச் சாகின்றன. மாட்டுக்கு அவ்வளவு அழிவில்லை. நிறையச் செல்கள் அடுத்த ஈற்றுவரை தங்கிவிடுகின்றன. நேற்று மடியைத் தடவிப் பார்த்தபோது இதெல்லாம்தான் மனதில் ஓடியது. மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்னும் ஒன்றரை மாதத்தில் கன்று போடும். அக்காவையும் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் வழியாக வந்துவிடு. சீம்பால் காய்ச்சித் தருகிறேன்.

உன்,
விசாலம்