சித்திக்கு: அந்தப் படகில் ஏறுங்கள்

அன்புள்ள சித்தி,

அக்டோபரில் நீங்கள் போகப்போகிற துருக்கி, இஸ்தான்புல் டூரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஒருநாள் ராத்திரி படகுல சாப்பாடு, டான்ஸ் எல்லாம் இருக்காம், அதுக்குத் தனியா காசு கட்டணுமாம், இடுப்பாட்டம் வேற இருக்காமே, நான் ரூம்லயே படுத்துக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் ஆபீஸில் இருந்தேன், "அப்புறம் பேசுறேன் சித்தி" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு நாலு நாளாக அதே நினைப்புதான். இதே கேள்வியை என் தோழிகளின் அம்மாக்களும் கேட்கிறார்கள், அதனால் உங்களுக்கான கடிதத்தை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

போங்கள் சித்தி. ரூமில் படுக்காதீர்கள்.

போன மே மாதம் நான் இஸ்தான்புல்லில் அந்தப் படகில் ஏறினேன். கபாதாஷ் என்ற துறையில் ராத்திரி எட்டரைக்கு ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணிவாக்கில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பாஸ்பரஸ் என்று நாம் சொல்லும் அந்த நீரிணையை துருக்கிக்காரர்கள் 'போஆஸ்' என்கிறார்கள், தொண்டை என்று அர்த்தம். கருங்கடலும் மர்மரா கடலும் சேர்கிற தொண்டை அது, சுமார் 30 கிலோமீட்டர் நீளம். ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. மேல்மட்டத் தண்ணீர் கருங்கடலிலிருந்து மர்மராவுக்கு ஓடும், அடியில் உப்பு கூடிய கனமான தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும். படகு வடக்கே போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போவதால் எஞ்சின் உறுமும். திரும்பி வரும்போது அந்த உறுமல் அடங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிடலாம்.

எனக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்தவர் ஜன்னலோர மேஜை என்று சொல்லிக் காசு வாங்கினார். போய்ப் பார்த்தால் ஒரு தூணுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இடம். கேட்டதற்கு ஆளுக்கொரு பதில். எனக்கு அன்று நிஜமாகவே கோபம், அழுகை எல்லாம் வந்தது. அதனால் நீங்கள் ஏறும்போதே டூர் அழைத்துப் போகிறவரிடம் சொல்லி, மேஜை எங்கே என்று கேட்டு, முடிந்தால் படகின் இடது பக்கத்தில் உட்காருங்கள். வழக்கமாக இந்தப் படகுகள் போகும்போது ஐரோப்பியக் கரையை ஒட்டிப் போய், திரும்பும்போது ஆசியக் கரையை ஒட்டி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு முறையும் கிட்டத்தில் இருக்கும் கரை இடது கைப்பக்கம்தான். இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மேல்தளத்துக்குப் படி இருக்கும். நான் அந்தத் தூணிலிருந்து தப்பித்து மேலே ஓடியதால்தான் பாதியைப் பார்த்தேன். அக்டோபரில் காற்று குத்தும், அந்தப் பச்சை சால்வையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். முதலில் சின்னச் சின்னத் தட்டுகளில் 'மெஸே' வரும். ஹைதாரி என்பது பூண்டு போட்ட கெட்டித் தயிர், நம் பச்சடி மாதிரி, ஆனால் நீர் இறுத்து இன்னும் கெட்டியாக. எஸ்மே என்பது தக்காளி, மிளகாய், வெங்காயம் எல்லாம் பொடியாகக் கொத்திப் பிசைந்த காரத் துவையல். உங்களுக்கு அது பிடிக்கும், ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுங்கள். திராட்சை இலையில் அரிசியைப் பொதிந்து சுருட்டி ஆலிவ் எண்ணெயில் செய்கிற பண்டமும் வரும். ஆறிப்போனதாக இருக்கும், அது அப்படித்தான், கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள். ஆனால் அதில் கறி வைத்துச் செய்வதும் உண்டு, அதனால் ஒரு வார்த்தை தெரிந்துகொள்ளுங்கள்: 'எத்சிஸ்', கறி இல்லாதது. கைகாட்டி "எத்சிஸ்?" என்றால் போதும். பிரதான உணவாக மீன், கோழி, சைவம் என்று கேட்பார்கள், முன்கூட்டியே சைவம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து மேஜையில் தண்ணீர் ஊற்றியதும் பால் போல வெளுக்கிற ஒரு பானத்தைப் பார்ப்பீர்கள், அது ரக்கி, சோம்பு வாசனையுள்ள சாராயம். குடிப்பதற்குத் தனிக் காசு என்பதால் உங்கள் சீட்டில் எது சேர்ந்திருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒருவர் உங்களைப் படம் எடுப்பார், இறங்குவதற்குள் அதைச் சட்டம் போட்டுக்கொண்டு விற்க வருவார். வேண்டாமென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போய்விடுவார்.

சரி, கரைக்கு வருகிறேன். கிளம்பிய உடனேயே டோல்மாபாஹ்சே அரண்மனை வந்துவிடும், எல்லோரும் தட்டில் தலையைக் குனிந்திருக்கும் நேரத்தில். 1856-ல் கட்டி முடித்தது, தண்ணீரோரமாகவே நீண்டுகொண்டு போகும். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938 நவம்பர் 10 அன்று காலை 9.05-க்கு அங்கேதான் இறந்தார். அப்புறம் ஓர்த்தாகோய் மசூதி, தண்ணீரில் கால் நனைக்கிற மாதிரி நிற்கும், அதன் தலைக்கு மேலே இரண்டு கரைகளையும் இணைக்கிற முதல் பாலம். 1973 அக்டோபர் 30-ல் திறந்தார்கள், குடியரசின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே 1,074 மீட்டர் அந்தரத்தில் தொங்குகிறது. விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பாலத்துக்கு நேர் அடியில் போகும்போது மட்டும் அண்ணாந்து பாருங்கள் சித்தி, மேலே வண்டிகள் போகிற சத்தம் ஒரு நீண்ட ஹூங்காரமாகத் தண்ணீரில் இறங்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னும் வடக்கே ரூமெலி ஹிசாரி கோட்டை. 1452-ல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நாலே மாதத்தில் கட்டியது, அடுத்த வருஷம் நகரமே அவர் கைக்கு வந்தது. எதிர்க்கரையில் அவருடைய கொள்ளுத்தாத்தா பாயெசித் கட்டிய பழைய கோட்டை. இரண்டுக்கும் நடுவே நீரிணை சுமார் 700 மீட்டராகக் குறுகிவிடும். தொண்டையை நெரிக்கிற இடம். அந்த இடத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் கடந்தது. விளக்குகூட அதிகம் இல்லை, ஒரு கருப்புச் சுவர் நகர்ந்து போகிறது, நட்சத்திரங்கள் கொஞ்ச நேரம் மறைந்து மறுபடி வருகின்றன. கீழே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் ஐந்து பேர் மட்டும் பேசாமல் நின்றோம்.

திரும்பும் வழியில் ஆசியக் கரையில் இருக்கிற உஸ்குதாருக்கு எதிரே தண்ணீர் நடுவில் சின்னதாக ஒரு கோபுரம், கிஸ் குலேசி, கன்னியின் கோபுரம். மகள் பாம்பு கடித்துச் சாவாள் என்று குறிசொன்னதால் ராஜா அவளைக் கடல் நடுவே கோபுரம் கட்டி வைத்தானாம், பழக்கூடையில் ஒளிந்து பாம்பு வந்துவிட்டதாம். இந்தக் கதையைக் கேட்டதும் உங்கள் நினைவுதான். பரீட்சித்து ராஜாவையும் பழத்துக்குள் புழுவாக நுழைந்த தட்சகனையும் மொட்டைமாடியில் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! கோபுரத்தைப் புதுப்பித்து 2023-ல் திறந்தார்கள், ராத்திரியில் விளக்கு ஏற்றிவைத்த மாடம் மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் இருட்டில் அடையாளம் தெரிய வேண்டுமென்றால், முதல்நாள் பகலில் எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்கு நகரத்து ஃபெர்ரியில் ஒருமுறை போய் வாருங்கள். பஸ் மாதிரிதான், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு. இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் கிடைக்கும்.

இப்போது ஆட்டம். நீங்கள் தயங்குவது இதற்குத்தானே.

இடுப்பாட்டத்தை அவர்கள் 'ஓரியந்தல்' என்கிறார்கள். அந்தப் பெண் மேஜைமேஜையாக வருவாள், சிலர் உடையில் பணத்தைச் செருகுவார்கள். அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தர்புகா என்கிற கைக்கொட்டை வாசிக்கிறவரும் அவளும் மட்டும் எதிரெதிரே நிற்கிற இரண்டு நிமிஷத்தைத் தவறவிடாதீர்கள். அவர் ஒரு சொல்லை வாசிப்பார், அவள் அதை இடுப்பில் திருப்பிச் சொல்வாள், அவர் இன்னும் சின்னதாக வெட்டுவார், அவள் அதையும் சொல்வாள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் பேசிக்கொள்வது மாதிரியேதான். நீங்கள் தாளம் போடாமல் இருக்க மாட்டீர்கள்.

வெள்ளை அங்கி போட்டுச் சுழலுகிற ஸெமாவையும் இந்தப் படகுகளில் வைக்கிறார்கள். எனக்கு அது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. அது ஆட்டம் இல்லை சித்தி, வழிபாடு. 1273-ல் கொன்யாவில் மறைந்த சூஃபி ஞானி மௌலானா ரூமியின் வழிவந்தவர்கள் செய்வது. தலையில் உயரமான தொப்பி கல்லறைக் கல், வெள்ளை அங்கி பிணத்தைச் சுற்றுகிற கஃபன் துணி, களைந்து போடுகிற கருப்பு மேலங்கி கல்லறை. வலது உள்ளங்கை வானத்தைப் பார்த்து வாங்கும், இடது கை பூமியைப் பார்த்துக் கொடுக்கும். 1925-ல் சட்டம் போட்டு அவர்கள் மடங்களையெல்லாம் மூடினார்கள். அதையெல்லாம் தாண்டி வந்ததை முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் நடத்துகிறார்கள். அந்தப் பத்து நிமிஷம் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள், அது போதும். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் 1491-ல் தொடங்கிய அவர்களுடைய கலாட்டா மெவ்லவி மடத்துக்குப் போய் வாருங்கள், இப்போது அருங்காட்சியகம்.

மற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சீமையுடையது. ஸெய்பெக் ஏஜியன் கடல் பக்கத்து மலைக்காரர்களுடையது. கழுகு மாதிரி கைகளை விரித்து, அவசரமே இல்லாமல், ஒரு முழங்காலைத் தரையில் தொட்டு எழுவார்கள். ஒன்பது எண்ணிக்கை, நம் சங்கீர்ணம். ஆனால் நாலும் ஐந்துமாகப் பிரிக்காமல் இரண்டு இரண்டாகப் போய் ஒரு மூன்றில் சாய்வார்கள், அந்தச் சாய்வில்தான் அழகு. ஹோரோன் கருங்கடல் மீனவர்களுடையது. ஏழு எண்ணிக்கை, மிஸ்ரம்தான், ஆனால் வலையில் விழுந்த நெத்திலி துடிக்கிற வேகம். இவற்றுக்கெல்லாம் பதிவு செய்த பாட்டைத்தான் ஓடவிட்டார்கள்.

கடைசியில் ஹாலாய். அதற்கு மட்டும் இரண்டு பேர் நேராக உள்ளே வந்தார்கள், ஒருவர் கையில் நம் நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற ஸுர்னா, இன்னொருவர் தோளில் தாவுல். பெயரைக் கேளுங்கள் சித்தி, தாவுல். தோளில் வார் போட்டுத் தொங்கவிட்ட பெரிய இருமுகக் கொட்டு. வலது கையில் தடித்த கொட்டாப்புளி, அதில்தான் அடிநாதம். இடது கையில் மெல்லிய குச்சி, அதில் பொடிச் சொற்கள். நம் சித்தப்பாவின் தவிலில் இடது கைக் கழியில் தொப்பி என்கிற இடது முகம் பேசும், வலது விரல்களின் கூட்டில் வலந்தலை என்கிற வலது முகம் பேசும். கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஸுர்னாக்காரர் சீவாளியை முழுசாக வாய்க்குள் வைத்து, கன்னம் புடைக்க, மூச்சு விடுவதே தெரியாமல் ஊதினார். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே முதல் அடி விழுந்ததும் என் விலா எலும்பில் அதிர்ந்தது. சின்ன வயசில் சாமி புறப்பாட்டில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் அதிருமே, அதே இடத்தில். அவர் போன பிறகு அந்த அதிர்வை நான் எங்கேயும் கேட்கவில்லை. தவில் கச்சேரி என்றால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹாலாயில் எல்லோரும் வரிசையாக நின்று சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்துக்கொள்வார்கள், முன்னால் நிற்கிறவர் கைக்குட்டையைச் சுழற்றுவார். அவர்கள் கல்யாணங்களில் கிழவிகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஆடுவது இது. ஆட்டக்காரர்கள் மேஜைக்கு வந்து விரலை நீட்டுவார்கள். பெரிய அடவு ஒன்றும் இல்லை, இரண்டு எட்டு முன்னே, ஒன்று பின்னே. புடவையோடு தாராளமாக ஆடலாம், எனக்கு அடுத்து நின்ற பாட்டிக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும்.

விரலைக் கொடுங்கள் சித்தி. முடியவில்லையென்றால் உட்கார்ந்தே தாளம் போடுங்கள். நான் அந்தத் தாவுல் சொற்களை எழுதிக்கொள்ளப் பார்த்தேன், பிடிபடவில்லை. உங்களுக்கு ஒருமுறை கேட்டால் போதும். ஊருக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தட்டிக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவள்