உல்லைக்கு வாறதெண்டால்

அன்பின் மச்சான்,

"அறுகம்பே எல்லாம் டொலர் வச்சிருக்கிறவனுக்கு, எங்களுக்குச் சரிவராது" எண்டு ஒரு வரியில மெசேஜ் போட்டுட்டு இருந்திட்டாய். அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல எனக்கு ஏலாது. இவ்வளவு காலமும் எழுதாம இருந்த கடனையும் இதிலயே கழிச்சுக்கொள்.

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவின்ர முழங்கால் அப்படியேதான், கோயில் எண்டால் மட்டும் நடை வந்திரும். கோயில் தலைவர் இப்பவும் தலைவர்தான். கூட்டம் வைக்கிறார், கணக்கு மட்டும் காட்டுறாரில்ல. மூத்தவள் ஓ/எல் சோதினை பாஸ் பண்ணினதுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லு. கணக்கில அவளுக்கு 'ஏ' வந்தது கட்டாயம் தாய்வழிதான்.

இப்ப விசயத்துக்கு வாறன்: பொத்துவிலுக்குக் கிட்ட இருக்கிற அறுகம்பேக்கு, அதான் எங்கட உல்லைக்கு, நீங்க குடும்பமா மலிவா வந்து, பிள்ளைகள் சர்ஃபிங், அதாவது பலகையில நிண்டு அலையில சறுக்கிறது, பழகிறது எப்படி எண்டு. நீ பாத்தது கடற்கரையோட ஒட்டின ஹோட்டலின்ர விலை, அதுவும் ஆகஸ்ட் விலை, அதுவும் ஆப்பில டொலர்ல காட்டுற விலை. மூண்டையும் ஒண்டாப் பாத்தால் ஆருக்கும் தலை சுத்தும். இஞ்ச அலைச் சீசன் ஏப்ரல் கடைசியில தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் போகும். ஜூலையும் ஆகஸ்டும்தான் உச்சம். செப்டெம்பரில அலை குறையிறதில்ல, கூட்டம்தான் குறையுது, அறைக்காரரும் பேரத்துக்கு இறங்கி வருவாங்க. பிள்ளைகளின்ர லீவால ஆகஸ்டை விட ஏலாது எண்டால் உல்லைக்குத் திங்கள் வந்து வியாழன் திரும்பு. வெள்ளி, சனியில கொழும்புச் சனம் வந்து இறங்கும், பௌர்ணமிப் போயா லீவை ஒட்டின நாட்களும் அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு எங்கட திருக்கோவில் தீர்த்தம். அந்தக் கிழமை அக்கரைப்பற்று பொத்துவில் பஸ்ஸில கால் வைக்க இடம் இராது, சொல்லிப்போட்டன்.

முதல் இரண்டு நாள் எங்கட வீட்டில நில்லுங்க. மச்சாள் வெக்கப்படுவா எண்டு தெரியும், அதை அவவும் என்ர மனுசியும் பேசித் தீர்க்கட்டும். ஆனா எல்லா நாளும் இஞ்ச நிண்டு போய்வர ஏலாது. தம்பிலுவிலில இருந்து பொத்துவில் 30 கிலோமீட்டரளவு. அலை நல்லா இருக்கிறது விடியக் காலையில, அதுக்கு முதல் பஸ் பிடிச்சுப் போறதெல்லாம் பிள்ளைகளுக்கு முடியாத காரியம். அதால மூண்டு ராவாவது உல்லையில எடுக்கத்தான் வேணும்.

அங்க பாணமைக்குப் போற பெரிய ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஊர். ஊர்ப் பக்கத்து ஒழுங்கைக்குள்ள எடு. கடலுக்கு ஐந்து நிமிச நடை, விலையோ வேற உலகம். கடலோர அறையில படுத்தால் அலைச் சத்தம் கேக்கும் எண்டு நினைப்பாய், கேக்கிறது ஸ்பீக்கர் சத்தம். ஆப்பில பெயரைப் பாத்துட்டு நேர போன் பண்ணித் தமிழில கேள். ஆப்புக்குப் போற கமிஷன் அவங்களுக்கு மிச்சம், அதில உனக்கும் ஒரு பங்கு குறைப்பாங்க. "குடும்பம், ஐந்து பேர், மூண்டு ராவு, ஒரு பெரிய அறை, மேலதிகமா ஒரு மெத்தை, குசினி பாவிக்கலாமா" எண்டு ஒரே மூச்சில கேட்டிரு. காசு கட்ட முதல் அறையைப் பார். நுளம்பு வலையை வெளிச்சத்தில பிடிச்சு ஓட்டை பார், பைப்பைத் திறந்து தண்ணி எவ்வளவு வேகமா வருது பார், ஜெனரேட்டர் எந்தச் சுவருக்குப் பின்னால எண்டு கேள். ஏசி வேணுமா எண்டதை மாமியிட்ட விடு. கச்சான் காத்து பகலில அனலா அடிச்சாலும் ராவில கடல் பக்கம் இளகிரும், இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் ஃபேன் போதும். கிணத்துத் தண்ணி சில வளவுகளில உவர், தேத்தண்ணி வாயில வைக்க ஏலாது. 19 லீற்றர் போத்தல் வாங்கு. குடிக்க, சமைக்க ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒண்டு சரியாகும். வெறும் போத்தலுக்குக் கட்டின முற்பணத்தை வெளிக்கிடேக்க மறக்காம வாங்கு.

வாற வழி: கொழும்பில இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை எண்டு ஏ4 ரோட்டால நேர பொத்துவிலுக்கு ராத்திரி பஸ் வரும். ஒரு ராவு அறைக்காசும் மிச்சம். மாமிக்கு அது கஷ்டம் எண்டால் ரயிலில மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று எண்டு பஸ் மாறி எங்கட வீட்டில இறங்குங்க. நான் இதைத்தான் சொல்லுவன். பொத்துவில் சந்தியில இருந்து உல்லைக்கு மூண்டு நாலு கிலோமீட்டர்தான். பாணமை பஸ் அந்த வழியாத்தான் போகும், சாமானோட எண்டால் ஓட்டோ. ஏற முதல் விலை பேசு.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிற ஆசை உனக்கு இருக்கு எண்டு தெரியும். எடு, ஆனா பகலில மட்டும். லகுகலைக் காட்டுப் பக்கமும் பாணமை ரோட்டிலயும் பொழுது சாய்ஞ்சால் யானை ரோட்டுக்கு வரும். லைட்டைக் கண்டு அது ஒதுங்கும் எண்டு நினைக்காத. யானைக்கல் எண்ட பாறையில சூரியன் மறையிறதைப் பாக்கப் போறவங்க, முழுசா இருட்டினாப் பிறகு திரும்பி வந்துதான் மாட்டுப்படுறாங்க. அங்க களப்பில முதலையும் இருக்கு, தண்ணி முழங்கால் அளவுதானே எண்டு பிள்ளைகளை இறக்காத.

சாப்பாடு. கடற்கரையில ஒரு பிளேட் கொத்து ரொட்டிக்குக் கொடுக்கிற காசுக்கு பொத்துவில் டவுணில குடும்பமே தின்னலாம். காலையில ரொட்டி, பருப்பு, சம்பல். ராவுக்கு இடியப்பம் இல்லாட்டி கொத்து. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை முடியும் வரைக்கும் கடைகள் பூட்டு, அண்டைக்கு முன்கூட்டி வாங்கி வை. ரோட்டோரத்தில வத்தகப்பழம் குவிச்சிருந்தால் விடாத. பகலுக்கு நீங்களே சமைக்கிறதுதான் லாபம். கரையில வள்ளம் வாற நேரம் கேட்டு வச்சு, அந்த நேரத்துக்குப் போய் நில். ஐந்து பேருக்கு முழு மீன் ஒண்டேகால் கிலோ வாங்கு, தலையும் குடலும் போக முக்கால் கிலோவளவு நிக்கும். அரிசி எழுநூறு கிராம், தேங்காய் ஒண்டு, குழம்புக்கும் சம்பலுக்கும் சேர்த்து. தேங்காய் விலையை நினைச்சு அழாத, அது இஞ்சயும் அதே விலைதான்.

மீனில ஒரு விசயத்தை மட்டும் வடிவாக் கேள். செவுளைத் தூக்கிப் பார், இரத்தச் சிவப்பா ஈரமா இருக்க வேணும். மண்ணிறமாப் போயிருந்தால் விடு. கண் உள்ளுக்கு விழுந்திருக்கக் கூடாது. சூரை எண்டால் இரட்டிப்புக் கவனம். அது வெயிலில கொஞ்ச நேரம் கிடந்தாலே ஒரு நஞ்சு ஊறும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. தின்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள முகம் சிவந்து, உடம்பு கடிச்சு, தலை இடிக்கும். ஐஸில வைக்காம மத்தியானம் மலிவா விக்கிற சூரையை நீ வாங்குவாய் எண்டதாலதான் இதை எழுதுறன். உன்னை எனக்குத் தெரியாதா.

இனிப் பிள்ளைகளின்ர சர்ஃபிங். காசைச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான், இதில கஞ்சத்தனம் பண்ணாத. முதல் நாள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாடம் எடு. அடுத்த நாள் ஒரு போர்டை மட்டும் வாடகைக்கு எடுத்து மாறி மாறிப் பழகட்டும். ஒருத்தர் களைக்க மற்றவர் ஏறுவார், இரண்டு போர்டுக்கு வேலை இல்ல. இடம், புதுசாப் பழகிறவங்க இறங்குற பேபி பொயின்ட். பழகினவங்க ஏறுற மெயின் பொயின்ட்டுக்குக் கிட்டவும் விடாத. அங்க அடியில கல்லும் பவளப்பாரும், காலை வச்சால் கடல் முள்ளியின்ர முள் ஏறும், போதாததுக்கு பழகினவங்க வரிசையில நிண்டு ஏசுவாங்க. விஸ்கி பொயின்ட்டும் பழகிறவங்களுக்கு நல்லம், ஆனா வடக்கால தள்ளி இருக்கு, ஓட்டோச் செலவு. காலை ஆறுக்கு இறங்கினால் ஒன்பதுக்குள்ள ஏறிரலாம். பத்துக்குப் பிறகு காத்து எழும்பி அலையை உடைச்சுக் கலக்கிப்போடும், பழகிறவனுக்கு அதில ஒண்டும் விளங்காது.

போர்ட் எடுக்கேக்க மேல் பக்கம் மெத்தெண்டு இருக்கிற, எட்டு ஒன்பது அடி நீளமான போர்டைக் கேள். அது நல்லா மிதக்கும், தலையில பட்டாலும் மண்டை உடையாது. "தம்பி சுறுசுறுப்பான ஆள், இது சரிவரும்" எண்டு ஆறடிக் கட்டைப் போர்டை நீட்டுவாங்க, வாங்காத. பிறகு கடையிலயே நிண்டு பார்: அடியில இருக்கிற செட்டை மூண்டையும் ஆட்டிப் பார், ஆடக்கூடாது. கால் கயித்தின்ர ஒட்டுப்பட்டியை ஒட்டி இழுத்துப் பார், கழண்டால் வேற கேள். விளிம்பு முழுக்கப் பெருவிரலால அமத்திக்கொண்டு போ, தண்ணி கசிஞ்சால் உள்ளுக்கு வெடிப்பு. முன், பின், செட்டை எண்டு கடைக்காரன் பாத்துக்கொண்டு நிக்கேக்கயே போனில படம் எடு. ஒரு கடையில பழைய வெடிப்புக்கு என்னட்டக் காசு கேட்டாங்க, படத்தைக் காட்டினாப் பிறகுதான் வாய் மூடினது.

தண்ணிக்குள்ள இடுப்பளவு போதும். கால்விரல் போர்டின்ர வால் பக்கம் படுற மாதிரிக் குப்புறப் படுக்க வேணும், மூக்கு தண்ணிக்கு மேல நாலு விரல் நிக்க வேணும். முன்னுக்குப் போனால் மூக்கு குத்தி ஆள் கரணம் அடிக்கும், பின்னுக்குப் போனால் அலை இவங்களை விட்டுட்டுப் போயிரும். வெள்ளை நுரை வந்து தள்ளினதும் கையை நெஞ்சுக்குக் கீழ ஊண்டி எழும்ப வேணும், பார்வை கரையில. காலைப் பாத்தால் விழுந்தாச்சு. விழேக்க தலைகீழாப் பாயாம பக்கவாட்டில தட்டையா விழட்டும், மேல வரேக்க இரண்டு கையாலயும் தலையை மூட வேணும். போர்ட் எப்பவும் ஆளுக்குப் பக்கத்தில இருக்கட்டும். ஆளுக்கும் அலைக்கும் நடுவில போர்ட் நிண்டால் அலை அதைத் தூக்கி மூஞ்சியில அடிக்கும். கை நீளமான சட்டை போட்டு விடு, இல்லாட்டி மெழுகு உரசி வயிறெல்லாம் புண்ணாகும். நீ கரையில நிண்டு "எழும்பு, எழும்பு" எண்டு கத்தாத.

இனி ஒரு பகிடியும் இல்லாம எழுதுறன். எங்கட கடல் பாக்க அமைதியா இருக்கிற இடத்திலதான் ஆளை இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடையுது, நடுவில மட்டும் உடையாம கருத்த தண்ணி, நுரை வெளிப்பக்கமாப் போகுது எண்டால் அதுதான் இழுவை. தெரியாதவன் "இஞ்ச அலை இல்ல, பிள்ளைகளுக்கு நல்லம்" எண்டு அந்த இடத்திலயே இறக்குவான். களப்பு கடலோட சேருற இடத்திலயும் அதே கதை. ஒவ்வொரு காலையும் இறங்க முதல் அந்த ஊர் மீன்பிடிக்காரர் ஒருத்தரிட்ட "இண்டைக்கு எங்க இழுக்குது" எண்டு கேள், கை நீட்டிக் காட்டுவாங்க. இழுபட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, அதில களைச்சுத்தான் ஆள் தாழுறது. மிதந்துகொண்டு கரைக்குச் சமாந்தரமாப் பக்கவாட்டில போனால் இழுவை விட்டிரும், பிறகு அலையோட வரலாம். போர்டைக் கைவிடவே கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டில வச்சே சொல்லிப்போடு, கடலைக் கண்டாப் பிறகு காதில ஏறாது. நீ குடிச்சிட்டு இறங்குறதில்ல எண்டு மச்சாளுக்குச் சத்தியம் பண்ணு. 2004 சுனாமிக்குப் பிறகு மாமிக்குக் கடல் பயம் எண்டு தெரியும், அவவை வற்புறுத்தாத. விடியக் காலையில பொத்துவில் களப்பில மீன்பிடிக்காரர் வள்ளத்தில கண்டல் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போவாங்க. அலையே இல்ல, அவ இருந்து பாக்கட்டும்.

பொத்துவில் கடலோரத்தில இருக்கிற பழைய பௌத்த விகாரையான முகுது மகா விகாரைக்கும் மணல்மேட்டுக்கும் பின்னேரம் போகலாம். குமனை தேசியப் பூங்காவுக்கு எங்களுக்கு நுழைவுச் சீட்டு மலிவு, ஜீப்தான் விழுங்கும். இன்னொரு குடும்பம் சேர்ந்தால் போ, இல்லாட்டி அந்தக் காசுக்கு உகந்தை முருகனிட்ட போயிட்டு வாங்க, மாமிக்கு அதுதான் சந்தோசம். காசைப் பொத்துவில் வங்கியில எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போ, சின்னக் கடைகளில கார்ட் செல்லாது.

எத்தனை பேர், எந்தத் திங்கட்கிழமை எண்டு இந்த வெள்ளிக்குள்ள சொல்லு. ஒழுங்கைக்குள்ள எனக்குத் தெரிஞ்ச ஒரு வளவு இருக்கு, குசினியோட. ஆகஸ்ட் எண்டால் இப்பவே சொல்லி வைக்க வேணும். வரேக்க அம்மாவுக்கு அந்த முழங்கால் எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வா, காசு இஞ்ச தாறன்.

அன்புடன்,
உன்ர மச்சான்
தம்பிலுவில்