தீசிஸ் முடிஞ்சிது, நன்றி பாக்கி இருக்குது

போன வாரம் வைவா (தீசிஸ் மேல கேள்வி கேக்கற வாய்மொழித் தேர்வு) முடிஞ்சிது. தீசிஸ்ல நன்றி சொல்ல ஒன்றரை பக்கம், அதுல கைடு, டிபார்ட்மென்ட், வனத்துறைன்னு முறைப்படி எழுதுனதுலயே எடம் தீந்துபோச்சு, அதான் மிச்சத்த இங்க எழுதறேன்.

மொதல்ல வேலூர் பக்கம் அமிர்தி தாண்டி மலைமேல இருக்கற தாத்தாவுக்கு. ஜவ்வாது மலைல, வெளிநாட்டுல இருந்து வந்து பரவுன உண்ணிச்செடி மூடுன எடத்துல நம்ம காட்டு மரம் செடி எவ்ளோ மிஞ்சிருக்குதுன்னு பாக்கறது தான் என் வேலை, பத்துக்கு பத்து மீட்டர் கயிறு கட்டி உள்ள இருக்கற ஒவ்வொரு மரத்தயும் நெஞ்சு உயரத்துல சுத்தளவு எடுக்கணும். நா புக்க பாத்து உசிலைன்னு எழுதுவேன், "இன்னா பாப்பா, இது துரிஞ்சி"ன்னு அதே மரத்துக்கு ஊர் பேர சொல்லி சிரிப்பாரு. இலை இல்லாத மரத்த கூட பட்டைய கீறி மோந்து பாத்தே பேரு சொல்லிடுவாரு. அவரு பேரு சொன்ன மரம் செடில இருந்து எடுத்த மாதிரியெல்லாம் காயவெச்சி, கோயம்புத்தூர்ல காஞ்ச செடி மாதிரிங்கள சேத்து வெச்சிருக்கற மெட்ராஸ் ஹெர்பேரியம் (பேரு தான் மெட்ராஸ்) வரைக்கும் போய் சரிபாத்தேன், தப்பானது ரெண்டே ரெண்டு, அதுவும் நா காதுல தப்பா வாங்குனது.

ஒருநாள் பெருமையா சொன்னேன், 2022 டிசம்பர்ல மான்ட்ரியல்ல நாடுங்கல்லாம் கூடி 2030க்குள்ள நிலத்துலயும் கடல்லயும் 30 சதவீதத்த பாதுகாக்கணும்னு ஒத்துகினாங்க தாத்தான்னு. "அந்த முப்பதுல நாங்க உள்ளயா வெளியயா?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. 2006 வன உரிமைச் சட்டம், சாமைக் கொல்லை, கடுக்கா பொறுக்கற உரிமைன்னு நாலாவது சாப்டர் முழுக்க அந்த ஒரு கேள்வியால வந்தது தான், வைவாலயும் அரைமணி நேரம் அதையே தான் கேட்டாங்க.

காட்டு வாட்சர் அண்ணா, அன்னிக்கி மழைல ஊறிப்போன டேட்டா ஷீட்ட நீங்களும் அண்ணியும் அடுப்பாண்ட ஒண்ணொண்ணா காயவெக்கலன்னா எனக்கு ஒரு சீசனே போயிருக்கும், அந்த பேப்பர்ல இன்னும் புகை வாசனை அடிக்குது. பர்மிஷன் லெட்டர அஞ்சு மாசம் கெடப்புல போட்ட ஆபீஸுக்கு நன்றி கெடையாது. கடைசி பஸ்ஸ எனக்காக நிறுத்தி வெச்ச கண்டக்டர் அண்ணாக்கு உண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டர தெறந்து பைண்டிங் போட்ட காட்பாடி ஜெராக்ஸ் கடை தம்பிக்கும்.

அம்மாவுக்கு தனியா. ஒவ்வொரு வாட்டியும் துணில ஒட்டிகினு வந்த உண்ணிய பொறுக்கிகினே "உண்ணிச்செடி படிக்க போனவ உண்ணிய கூட்டிகினு வந்துட்டா"ன்னு தெரு முழுக்க சொல்லும்.

தாத்தா, ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல ஒரு காப்பி எடுத்துகினு வரேன். தீசிஸ் கடைசில, நீங்க சொன்ன பேரு மட்டும் பன்னெண்டு பக்கம், நா படிச்சி காட்றேன், தப்பிருந்தா அங்கயே திட்டுங்க.