கண்மாயிலும் மொள்ளத் தெரிந்த வாளி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பிரான்மலைச் சரிவில் ஏதாவது ஒரு ராத்திரி தீக்கோடு தெரியும், மறுநாள் டீக்கடையில் "ஹெலிகாப்டர் வந்து ஊத்துனா அரை மணியில அணைஞ்சிரும்" என்று யாராவது சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு எரிந்தபோது விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் துணிவாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் கொட்டியதே! ஆனால் அது மொண்டது ரேலியா அணையில். அடுத்த மாதம் உத்தராகண்டின் நைனிடாலில் தீ பிடித்தபோது பீம்தால் ஏரியில். எங்கள் கண்மாயில் அந்த நேரம் முழங்கால் தண்ணீர் கிடந்தாலே பெரிய விஷயம்.

அந்த வாளிக்கு பாம்பி பக்கெட் என்று பெயர். பழைய ஆட்களுக்கு மாடு கட்டிக் கிணற்றில் கமலை இறைத்தது ஞாபகம் இருந்தால் சட்டென்று புரியும். கூனை என்கிற வாளிக்குக் கீழே தோல் வால், வால்கயிறு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரை தண்ணீர் நிற்கும், கூனை மேலே வந்து வால் நீண்டதும் கொட்டிவிடும். இங்கேயும் அடியில் துணிக்குழாய்தான், விமானி பொத்தானை அழுத்தினால் கயிறு விட்டுக் கொட்டுகிறது. எம்ஐ-17 வாளி ஒரு நடைக்குச் சுமார் 3,500 லிட்டர் எடுக்கும், அதாவது நம்மூர்த் தண்ணீர் லாரியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வாளி முழுசாக முங்கினால்தான் அவ்வளவும். ஆழம் இல்லாத இடத்தில் சாய்ந்து படுத்துக்கொள்ளும், கால் வாளி நிரம்புவதே பாடு, போதாததற்குச் சேறு. கரையில் இருக்கிற சீமைக்கருவேல முள் துணியை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடியில் பம்பு வைத்த வாளிகள் வெளிநாட்டில் புழக்கத்தில் இருக்கின்றன, ஒன்றரை அடித் தண்ணீர் போதும், அதுவே உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். அப்புறம், மடித்து எடுத்துப்போகிற தொட்டியைப் பொட்டலில் விரித்து லாரித் தண்ணீரை நிரப்பி வைத்தால் ஹெலிகாப்டர் அதிலேயே முக்கி எடுக்கலாம். வெறும் தண்ணீரைவிடத் தீயணைப்பு நுரை கலந்தது காய்ந்த புல்லில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்த வாளியைக் குடிதண்ணீர் ஊருணியில் மட்டும் முக்கவிடக் கூடாது. இன்றும் குடத்தோடு ஊருணிக்குப் போகிற ஊர்கள் செட்டிநாட்டில் உண்டு. நுரை வேண்டுமென்றால் தொட்டி முறைதான் சரி.

இன்னொன்று, ரொம்பத் தாழப் பறந்தால் விசிறிக் காற்றே தீயை ஊதிவிடும், ரொம்ப உயரே என்றால் பாதித் தண்ணீர் காற்றோடு போய்விடும். அதனால் கயிற்றின் நீளம் முக்கியம். கீழே கிளை ஒடித்து அடிக்கிற ஆட்களும் வேண்டும், கங்கு மிச்சமிருந்தால் சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

2018-இல் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் உயிரிழந்த பிறகுதான் காட்டுத்தீயைப் பற்றி எல்லோரும் பேசினோம். இந்த முறை வனத்துறை முன்கூட்டியே ஒரு வேலை செய்யட்டும். மாசிக் கடைசியில் மலையைச் சுற்றியுள்ள கண்மாய், கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் ஒவ்வொன்றிலும் எத்தனை அடித் தண்ணீர், மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்து எழுதி வைக்கட்டும். அளக்கக் கம்பு பிடிக்க ஊருக்கு நாலு பேர் நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்