குங்ஃபூ நகைச்சுவைப் படங்களை முழு அகலத்தில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சண்டைப் படங்களின் வரலாறு குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். புரூஸ் லீயைப் பற்றி விரிவாகவும் மரியாதையுடனும் எழுதியிருந்த கட்டுரையாளர், 1973 ஜூலையில் அவர் மறைந்ததோடு ஹாங்காங் படங்களின் சிறப்பும் முடிந்துவிட்டதாகக் கருதி, அதன்பின் வந்த குங்ஃபூ நகைச்சுவைப் படங்களைச் சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, 1999-இல் வெளிவந்த 'மேட்ரிக்ஸ்' படத்தின் சண்டைக் காட்சிகளைப் பாராட்டத் தொடங்கிவிட்டார். அந்தச் சண்டைகளை அமைத்தவர் யூன் வூ-பிங். 1978-இல் 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய இரண்டு நகைச்சுவைப் படங்களை இயக்கி, ஜாக்கி சானை ஹாங்காங்கின் முன்னணி நடிகராக்கியவரும் அவரே. கட்டுரை பாராட்டிய கலையின் வேர், அது தாண்டிச் சென்ற அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புரூஸ் லீக்குப் பிறகு சில ஆண்டுகள் தடுமாற்றம் இருந்தது உண்மைதான். அவரைப் போலவே முறைத்து, அவரைப் போலவே ஓசையெழுப்பும் நடிகர்களைத் தேடித் தயாரிப்பாளர்கள் அலைந்தார்கள். இயக்குநர் லோ வெய், ஜாக்கி சானையும் அந்த அச்சில் வார்க்க முயன்று 1976-இல் 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' படத்தில் நாயகனாக்கினார். அந்த முயற்சி எடுபடவில்லை. இதற்கிடையே ஹூய் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்கள் ஹாங்காங் மக்களின் கான்டனீஸ் மொழியை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தன. இந்நிலையில் தயாரிப்பாளர் இங் சீ-யூன், லோ வெய்யிடமிருந்து ஜாக்கி சானை இரண்டு படங்களுக்கு மட்டும் இரவல் வாங்கி, அதுவரை சண்டை அமைப்பாளராக இருந்த யூன் வூ-பிங்கிடம் இயக்கத்தை ஒப்படைத்தார். ஒருவர் சாயலையும் கொள்ளாமல் தம் இயல்பில் நடிக்க ஜாக்கி சானுக்கு அப்போதுதான் இடம் கிடைத்தது.

அந்த இயல்பு எங்கே உருவானது என்பதைத்தான் நம் வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டும். ஜாக்கி சானும், பின்னாளில் அவரைப் போலவே சண்டை நடிகர்களான சம்மோ ஹங், யூன் பியாவ் இருவரும் ஹாங்காங்கில் யூ ஜிம்-யூன் என்ற ஆசான் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவயதிலிருந்தே தங்கிப் பயின்றவர்கள். பாட்டு, வசனம், அபிநயம், குட்டிக்கரணம், ஆயுதச் சண்டை அனைத்தும் அங்கே ஒரே பாடம். பீக்கிங் இசைநாடகத்தில் கோமாளி வேடத்துக்கென்றே ஒரு மரபு உண்டு. அதிலும் சண்டைக் கோமாளி தனிப் பிரிவு. அந்த வேடத்தை ஏற்பவன் வீரனுக்குச் சமமான உடற்பயிற்சியும், அதற்கு மேல் சிரிக்கவைக்கும் கால அளவும் கைவரப் பெற்றிருக்க வேண்டும். 'மூன்று பாதைகளின் சந்திப்பு' என்ற பழைய நாடகத்தில், ஒரு விடுதி அறையில் கும்மிருட்டில் இருவர் ஒருவரையொருவர் தேடிச் சண்டையிடுகிறார்கள். மேடையிலோ முழு வெளிச்சம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் ஒருவர் மற்றவரைக் காணாமல் வாளை வீசுவதையும், விரல் அகல இடைவெளியில் அது தவறிப்போவதையும் பார்வையாளர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதே நேரத்தில் பதறவும் செய்கிறார்கள். ஜாக்கி சான் நாற்காலியையும் ஏணியையும் வைத்துக்கொண்டு செய்தவை அனைத்துக்கும் இந்த மேடைதான் தாய்வீடு. அந்தப் பள்ளியின் தண்டனைகள் கொடுமையானவை. பிள்ளைகளை அடித்து வளர்த்த முறையை நான் போற்றவில்லை. இசைநாடகத்துக்குக் கூட்டம் குறைந்தபோது, வேறு பிழைப்பு அறியாத அந்தப் பிள்ளைகள் ஸ்டன்ட் நடிகர்களாகத் திரைப்படக் கூடங்களுக்குச் சென்றார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

'டிரங்கன் மாஸ்டர்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நாயகன் வாங் ஃபெய்-ஹங், தென்சீனத்தில் வாழ்ந்த உண்மையான வைத்தியர், குங்ஃபூ ஆசான். 1949 முதல் குவான் டக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவரை ஒழுக்கமும் பொறுமையும் நிறைந்த பெரியவராக நடித்து, மக்கள் மனத்தில் பதித்திருந்தார். அந்தப் பெரியவரையே ஊர்சுற்றியாக, தந்தைக்கு அடங்காத இளைஞனாகக் காட்டியதுதான் ஹாங்காங் பார்வையாளர்களைக் குலுங்கச் செய்தது. அவனுக்குப் பாடம் கற்பிக்கும் குடிகாரப் பிச்சைக்காரராக வருபவர் இயக்குநரின் தந்தை யூன் சியூ-டின். அப்போது அவருக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட மாணவன், கீழே உள்ள வாளியிலிருந்து சிறு கிண்ணங்களில் தண்ணீர் மொண்டு, உடலை மடக்கி எழுந்து, மேலே உள்ள பாத்திரத்தில் ஊற்றுகிறான். பார்ப்பதற்கு வேடிக்கை, ஆனால் அந்த உடல் உண்மையிலேயே மடங்கி எழுகிறது. பின்னர் போதையில் தள்ளாடும் எட்டு தேவர்களின் அடவுகளை ஆசான் கற்றுத் தருகிறார். அவற்றில் பெண் தேவதையின் அடவைக் கேலியாக எண்ணி மாணவன் கற்காமல் விடுகிறான். கொரிய டேக்வாண்டோ வீரர் ஹுவாங் ஜாங்-லீ வில்லனாக வரும் இறுதிச் சண்டையில், எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். வேறு வழியின்றி அவ்விடத்திலேயே அதைத் தானே இயற்றி ஆடி வெல்கிறான். நகைச்சுவையும் கதையின் முடிச்சும் பாத்திரத்தின் வளர்ச்சியும் ஒரே அடவில் சேர்ந்து நிற்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எப்படிக் கூற முடியும்?

என் அளவில் இந்த வகைப் படங்களின் மிக நுட்பமான கலைஞர் லாவ் கார்-லியுங்தான். வாங் ஃபெய்-ஹங்கின் மாணவர் லாம் சாய்-விங். அவருடைய மாணவர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் லாவ் கார்-லியுங். ஷா சகோதரர்களின் திரைப்பட நிறுவனத்துக்காக 1975-இல் 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' படத்தை இயக்கி, யூன் வூ-பிங்குக்கு மூன்று ஆண்டுகள் முன்பே குங்ஃபூவையும் நகைச்சுவையையும் இணைத்தவர். 1979-இல் அவர் இயக்கிய 'டர்ட்டி ஹோ' படத்தில் ஒரு மது விருந்துக் காட்சி உண்டு. இளவரசர் என்ற தம் அடையாளத்தை மறைத்து வாழும் நாயகனுக்கும், அவரைக் கொல்லும் நோக்கம் கொண்ட விருந்தளிப்பவருக்கும் இடையே அதில் உயிர்ச் சண்டை நடக்கிறது. ஆயினும் இருவரும் முகமலர்ச்சியோடு பழைய மதுவின் மணத்தைப் புகழ்ந்தபடியே இருக்கிறார்கள். கிண்ணத்தை நீட்டும் கை குத்தாகிறது. அதை வாங்கும் கை தடுப்பாகிறது. மேசைக்கடியில் கால்கள் மோதுகின்றன. உபசாரத்தின் ஒரு சொல் கூடத் தவறுவதில்லை. உலகத் திரைப்படத்தில் இதற்கு இணையான காட்சியை நான் பார்த்ததில்லை.

அவரே 1981-இல் எடுத்த 'மை யங் ஆன்ட்டி' படத்தில் நடித்த காரா ஹூய், அடுத்த ஆண்டு நடந்த முதல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகையாகத் தேர்வானார். சம்மோ ஹங் இயக்கிய 'தி பிராடிகல் சன்' படத்தையும் கட்டுரையாளர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆஸ்துமாவால் அவதியுறும் இசைநாடக நடிகராக அதில் வரும் லாம் சிங்-யிங், சிரிப்பும் துயரமும் கலந்த ஒரு மனிதரை நம் கண்முன் நிறுத்துகிறார்.

இப்படங்கள் இங்கே எளிதில் அலட்சியத்துக்கு ஆளாவதற்கு நாம் அவற்றைப் பார்த்த விதமும் ஒரு காரணம். தமிழ்க் குரல் சேர்ப்பை நான் குறை கூறவில்லை. இவை பெரும்பாலும் ஒலிப்பதிவு இன்றிப் படமாக்கப்பட்டு, பின்னர் மாண்டரின் அல்லது கான்டனீஸ் குரல் சேர்க்கப்பட்டவையே. நம் குரல் கலைஞர்களின் துடுக்கான பேச்சுதான் இவற்றை வீட்டுக் கூடம் வரை கொண்டுவந்தது. 2008-இல் ஒரு தமிழ்ப் படத்தின் இசை வெளியீட்டுக்கு ஜாக்கி சான் சென்னைக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பில் அவர்களுக்கும் பங்குண்டு. கேடு விளைந்தது படத்தின் அகலத்தில். இவை ஏறத்தாழ 2.35-க்கு 1 என்ற, அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம் கொண்ட அகலத்திரை அளவில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நிரப்புவதற்காக இருபுறமும் வெட்டியபோது, படத்தின் அகலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் பறிபோனது. இன்றைய அகலமான பெட்டியை நிரப்ப வெட்டினாலும் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். ஒரே ஷாட்டில் இருவரும் தலை முதல் கால் வரை தெரிய, இடையறாமல் பல அடவுகள் தொடர்வதே இச்சண்டைகளின் இலக்கணம். அடிப்பவரின் கை ஒரு விளிம்பிலும் விலகுபவரின் முகம் மறு விளிம்பிலும் இருக்கும்போது விளிம்புகளை வெட்டிவிட்டால், சிரிப்பதற்கு அங்கே என்ன மிஞ்சும்? விளம்பர நேரத்துக்காகப் பயிற்சிக் காட்சிகளைக் குறைப்பது அதைவிட மோசம். பயிற்சியைக் காணாதவருக்கு இறுதிச் சண்டையில் வரும் அடவு எதுவும் விளங்காது.

முழு வடிவில் இவை கிடைக்காமலும் இல்லை. ஷா நிறுவனத்தின் படங்களை வாங்கிய செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனம், அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைச் சீரமைத்து உரிய அகலத்தில் வெளியிட்டிருக்கிறது. எனவே தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசைகள் இப்படங்களை ஒளிபரப்பும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை அனுமதித்து, முழு அகலத்தில், வெட்டாமல் காட்ட வேண்டும். ஐரோப்பியப் படங்களுக்கும் ஜப்பானியப் படங்களுக்கும் விழா எடுக்கும் நம் திரைப்படச் சங்கங்கள், லாவ் கார்-லியுங்குக்கும் யூன் வூ-பிங்குக்கும் ஒரு வார இறுதியையேனும் ஒதுக்கலாம். தங்கள் ஞாயிறு இணைப்பும் 1973-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட ஹாங்காங் படங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை