இராய்ச்சூர் முதல் கல்யாணி வரை: முறிந்துபோன சமாதானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்காணச் சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து விஜயநகரத்தை வீழ்த்திய தலைக்கோட்டைப் போர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பீரங்கி, யானை, படை எண்ணிக்கை என்று விரிவாகப் பேசுகிறது. ஆனால் அந்தப் போர் நடந்த 1565 ஜனவரிக்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளில் விஜயநகரமும், பீஜப்பூர், அகமதுநகர் சுல்தான்களும் தூது அனுப்பிப் பேசி முடித்த சமாதானங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மதம் ஒன்றே போருக்குக் காரணம் என்று முடித்திருப்பது அதனால்தான். அந்தச் சமாதானங்கள் எந்த நிபந்தனையில் முறிந்தன என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

இராய்ச்சூர்க் கோட்டைக்காக விஜயநகரமும் பீஜப்பூரும் மோதிய 1520 போரிலிருந்தே தொடங்கலாம். எல்லை தாண்டி ஓடிய கடன்காரர்களை இரு தரப்பும் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த சமாதானத்தின் நிபந்தனை என்கிறார் விஜயநகர வரலாற்றை எழுதிய போர்த்துக்கீசியரான நூனிஸ். கோவாவில் குதிரை வாங்கிவரக் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 40,000 பர்தாவ் (அக்காலப் பொற்காசு) கொடுத்து அனுப்பிய சீதி மெர்கார் என்ற வணிகர், பணத்தோடு பீஜப்பூர் பக்கம் போய்விட்டார். ராயர் கடிதம் எழுதிக் கேட்டும் பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில் ஷா அவரை ஒப்படைக்கவில்லை. இராய்ச்சூர் மீது ராயருக்கு முன்பே கண் இருந்தது, இது வாய்ப்பாக அமைந்தது என்பதையும் நூனிஸ் மறைக்கவில்லை. ஆனாலும் சட்டப்படி நியாயம் ராயர் பக்கம் இருந்தது.

ராயர் போரில் வென்று இராய்ச்சூரைப் பிடித்த பிறகு அந்த நியாயம் வீணாயிற்று. இராய்ச்சூரையும் பிடிபட்ட பீரங்கி, கூடாரம், குதிரை, யானைகளையும் திருப்பிக் கேட்டு வந்த பீஜப்பூர்த் தூதரை ஒரு மாதத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். பிறகு கிடைத்த பதில்: எல்லாம் தருகிறோம், சிறைப்பட்ட தளபதி சலபத் கானையும் விடுகிறோம், அடில் ஷா நேரில் வந்து ராயரின் பாதத்தை முத்தமிட வேண்டும். கோட்டையைக் கொடு என்றால் பேரம் பேசலாம், பாதியாவது கொடுக்கலாம். பாதத்தை முத்தமிடு என்பதில் பாதி ஏது? சுல்தான் மறுக்கவும் இல்லை, வரவும் இல்லை. எல்லைக்கு அருகிலுள்ள முத்கல்லுக்குப் போய்க் காத்திருந்த ராயர், கடைசியில் பீஜப்பூர் வரை போனார். நகரின் வீடுகளை விறகுக்காக இடித்தார்கள். அப்போது பீஜப்பூர்த் தூதராக வந்த அசத் கான், சுல்தான் வரத் தயங்குவதற்குச் சலபத் கான்தான் காரணம் என்று சொல்லி ராயரை நம்ப வைத்தார். ராயர் சலபத் கானின் தலையை வெட்டச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குக் கையில் இருந்த பெரிய பிணை அன்றோடு போயிற்று.

1547 செப்டம்பர் 19 அன்று விஜயநகரம் கோவா போர்த்துக்கீசியரோடு செய்த உடன்படிக்கையும் கவனிக்க வேண்டியது. கோவாவில் இறங்கும் அரபு, பாரசீகக் குதிரைகள் விஜயநகரத்துக்கே விற்கப்படும், பீஜப்பூருக்கு ஒன்றும் போகாது. பதிலுக்கு வெடியுப்பு, இரும்பு, செம்பு, தகரம், சீனப்பட்டு ஆகியவற்றைப் பீஜப்பூர்த் துறைமுகங்கள் வழியாக விஜயநகரம் வாங்காது. எழுத்தில் இவ்வளவு துல்லியம். ஆனால் அடுத்த ஆண்டே போர்த்துக்கீசியர் பீஜப்பூரோடும் தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். மீறினால் யாரிடம் முறையிடுவது? தக்காணத்தில் அப்படி ஒரு பொது நடுவர் இல்லை.

கல்யாணிக் கோட்டை விவகாரம்தான் எல்லாவற்றிலும் கொடியது. 1560-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரத்தை ஆண்ட இராமராயரும் பீஜப்பூர் சுல்தான் அலி அடில் ஷாவும் சேர்ந்து அகமதுநகர் சுல்தான் ஹுசேன் நிஜாம் ஷாவைப் பணிய வைத்தபோது மூன்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. கல்யாணியைப் பீஜப்பூருக்குத் தர வேண்டும். இன்னொரு தக்காணச் சுல்தானகமான பேராரிலிருந்து ஹுசேனின் உதவிக்கு வந்து தாக்குதல்களால் தொல்லை கொடுத்த தளபதி ஜஹாங்கீர் கானைக் கொல்ல வேண்டும். ஹுசேன் நேரில் வந்து இராமராயர் கையால் வெற்றிலை வாங்க வேண்டும். இதைச் சொல்லும் வரலாற்றாசிரியர் பெரிஷ்டா பீஜப்பூர் அரசவையில் பிற்காலத்தில் எழுதியவர். அந்தச் சாய்வைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். சந்திப்பில் ஒருவர் தொட்டதற்கு மற்றவர் கை கழுவியதாக அவர் சொல்வதை விட்டுவிடுவோம். தனக்கு உதவ வந்தவனைத் தானே கொல்ல வைத்த நிபந்தனை ஒன்றே போதும், மனிதனுக்குள் ஆறாத ரணத்தை உண்டாக்க. அந்தக் கொலையால் பகைத்த பேரார் 1565 கூட்டணியில் சேரவே இல்லை.

இதோடு 1564-இல் சுல்தான்கள் தங்களுக்குள் செய்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். பீஜப்பூரும் அகமதுநகரும் பல ஆண்டுகள் சண்டையிட்ட சோலாப்பூர், ஹுசேனின் மகள் சாந்த் பீபியின் சீதனமாக அலி அடில் ஷாவுக்குப் போயிற்று. அலியின் தங்கை அகமதுநகருக்கு மருமகளானார். அதே ஹுசேன்தான் இங்கேயும் கோட்டையை இழந்தார். ஆனால் மகளுக்குக் கொடுத்த தகப்பனாக இழந்தார். அந்த உறவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை என்றாலும், ஒரு போரைச் சேர்ந்து நடத்தும் அளவுக்குத் தாங்கியது.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் 1547 உடன்படிக்கையின் நிபந்தனைகளையும் கல்யாணியின் மூன்று நிபந்தனைகளையும் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். போர்க்கள வரைபடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி இருந்தால் போதும்.

வாசகர், வேலூர்